51 விழுக்காடு வாக்கு, 89 இடம்: கோணல் கோட்டிலா, குழியிலா?

வாசகர் ஒருவர், 11 பிப்ரவரி 2023

அமெரிக்காவில் ஜெர்ரிமாண்டரிங் என்கிறார்களே, அதே வேலைதான் 2013இல் நம் மலேசியாவிலும் நடந்தது. எதிர்க்கட்சிகளின் மக்கள் கூட்டணி 51 விழுக்காடு வாங்கியும் ஆட்சிக்கு வர முடியவில்லை. தொகுதிக் கோட்டை வளைத்து வளைத்து வரைந்ததுதான் ஒரே காரணம். ஒத்துக்கொள்கிறீர்களா, இல்லையா?

11 பிப்ரவரி, இரவு

பாதி ஒத்துக்கொள்கிறேன். "ஒரே காரணம்" என்பதைத்தான் விழுங்க முடியவில்லை.

கணக்கை முதலில் வைத்துவிடுகிறேன். 2013 மே 5. மக்கள் கூட்டணிக்கு ஏறக்குறைய 56 லட்சத்து 24 ஆயிரம் வாக்கு, 50.87 விழுக்காடு. அப்போது ஆண்ட தேசிய முன்னணிக்கு 52 லட்சத்து 37 ஆயிரம், 47.38 விழுக்காடு. இடங்களைப் பாருங்கள்: 222இல் முன்னணிக்கு 133, கூட்டணிக்கு 89. வகுத்துப் பார்த்தால் முன்னணிக்கு ஓர் இடம் சுமார் 39 ஆயிரம் வாக்குக்குக் கிடைத்தது, கூட்டணிக்கு 63 ஆயிரம் வாக்குக்கு. ஒரே கடை, ஒரே சரக்கு, ஆளுக்கு ஒரு விலை.

தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் கோட்டை மாற்றி வரைந்தார்கள், அதனால்தான் இப்படி என்று அப்போது எல்லோரும் பேசிக்கொண்டோம். நானும் அப்படியேதான் நம்பினேன்.

12 பிப்ரவரி

அன்றைக்கு நான் சிலாங்கூர் மாநிலத்துக் காப்பார் தொகுதியில் வாக்கு எண்ணும் முகவராக உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்லாமல் வெறும் விழுக்காடு பேசினால் எனக்கே ஒட்டவில்லை.

ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறை. மாலை 5 மணிக்குக் கதவை மூடினார்கள். கரும்பலகையில் அழிக்காமல் விட்ட வாய்ப்பாடு. நாலு மேசையைச் சேர்த்துப் போட்டு, பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டினார் அதிகாரி. பெருக்கல் குறி எங்கே விழுந்திருக்கிறது என்று நாங்கள் எட்டிப் பார்ப்போம். கை கொஞ்சம் நடுங்கிப் போட்ட குறிகள் நிறைய. கிழவர் கிழவிகளின் வாக்கு என்று பார்த்தாலே தெரியும். ஐம்பது ஐம்பதாகக் கட்டி ரப்பர் மாட்டினார்கள். ஒரு பக்கம் கட்டுகள் ஏறிக்கொண்டே போயின, மறு பக்கம் பாதிகூட இல்லை. எண்ணிக்கை முடிவை எழுதும் 14ஆம் பாரத்தில் கையெழுத்துப் போடும்போது விரலில் மை காயாத மாதிரி இருந்தது. அழியாத மையை முதன்முதலாகப் பயன்படுத்திய பொதுத் தேர்தல் அது.

வெளியே வந்தால் வாசலில் ஒரே ஆரவாரம். காப்பாரில் எங்கள் வேட்பாளர் இருபதாயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். நள்ளிரவு தாண்டி வீட்டுத் தொலைக்காட்சியில் முழு முடிவு வந்தபோது அந்த ரப்பர் போட்ட கட்டுகள்தான் கண்ணில் நின்றன. ஜெயிக்கத் தேவையானதற்கு மேல் விழுந்த இருபதாயிரமும் என்ன ஆயின? எங்கேயும் போய்ச் சேரவில்லை. அப்படியே காப்பாரிலேயே கிடந்தன.

12 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

மேலே சொல்லாமல் விட்டது: காப்பாரில் அன்று பதிவான வாக்காளர் 144,159 பேர். நாட்டிலேயே பெரிய தொகுதி. நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் 15,791 பேர். எங்களில் ஒன்பது பேர் வரிசையில் நின்றால் அங்கே ஒருவர் நின்ற மாதிரி. புத்ராஜெயாவில் ஜெயித்தவர் வாங்கியது பத்தாயிரத்துக்கும் குறைவு. காப்பாரில் ஜெயித்தவருக்குக் கிட்டத்தட்ட எழுபதாயிரம். இருவருக்கும் நாடாளுமன்றத்தில் ஆளுக்கு ஒரு நாற்காலி.

இதில் கோடு எங்கே வளைந்திருக்கிறது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை, கவனித்தீர்களா? கோட்டை நேராகவே போட்டிருந்தாலும் இதே அநியாயம்தான்.

14 பிப்ரவரி

"புரியவில்லை, இரண்டும் ஒன்றுதானே" என்று கேட்டவருக்கு. அத்தையின் பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் என் மகளுக்கு இப்படித்தான் காட்டினேன். புளியங்கொட்டை ஒரு கட்சி, மஞ்சாடி ஒரு கட்சி. (பள்ளிக்கூட வாசல் சாகா மரத்தடியில் பொறுக்கிய சிவப்பு விதை. நாங்கள் மஞ்சாடி என்போம்.)

முதல் வித்தை. 15 புளியங்கொட்டை, 10 மஞ்சாடி. ஐந்து குழி, குழிக்கு ஐந்து. எல்லாக் குழியும் சம அளவு. இரண்டு குழியில் புளியங்கொட்டையை மட்டும் ஐந்தைந்தாகக் கொட்டுங்கள். பத்து தீர்ந்தது. மீதி ஐந்தை மூன்று குழியில் இரண்டு, இரண்டு, ஒன்று என்று பிரித்துப் போடுங்கள். மஞ்சாடி மூன்று, மூன்று, நாலு. எண்ணிப் பாருங்கள்: புளியங்கொட்டைக்கு இரண்டு குழி, மஞ்சாடிக்கு மூன்று. கொட்டை அறுபது விழுக்காடு இருந்தும் தோற்றது. ஓர் இடத்தில் குவித்து, மற்ற இடங்களில் சிதறடிப்பது. இதுதான் கோட்டு வித்தை, நீங்கள் சொல்லும் ஜெர்ரிமாண்டரிங்.

இரண்டாவது வித்தை. யாரும் எதையும் பொறுக்கிப் போட வேண்டாம். மூன்று குழியை ஆழமாகத் தோண்டி எட்டு எட்டு, நாலு குழியை மேலாகத் தோண்டி மூன்று மூன்று. ஆழக் குழிகளில் கொட்டை ஆறு, மஞ்சாடி இரண்டு. சின்னக் குழிகளில் கொட்டை ஒன்று, மஞ்சாடி இரண்டு. மொத்தம் 22 கொட்டை, 14 மஞ்சாடி. குழிக் கணக்கில் மஞ்சாடி நாலுக்கு மூன்று என்று ஜெயித்துவிடும். இதில் கோட்டுக்கு வேலையே இல்லை. குழியின் அளவுதான் ஆளைக் கவிழ்த்தது.

2013இல் பெரிய பங்கு இரண்டாவது வித்தைக்குத்தான் என்பது என் வாதம். முதல் வித்தையும் இருந்தது. ஆனால் அது தம்பி, இது அண்ணன்.

மகள் கேட்டாள்: "அப்போ குழி தோண்டினவர் யாருப்பா?" அதற்குப் பதில் தேடப்போய்த்தான் 11ஆம் தேதி எழுதியதில் பிழை இருப்பது தெரிந்தது. அடுத்த குறிப்பில் சொல்கிறேன்.

15 பிப்ரவரி. திருத்தம்

2013க்குக் கொஞ்சம் முன்னால் கோட்டை மாற்றினார்கள் என்று எழுதியிருந்தேன். தப்பு. 2013இல் பயன்பட்ட தீபகற்ப மலேசியாவின் (சபா, சரவாக் நீங்கலான பகுதி) வரைபடம் 2003இல் வரைந்தது. 2004, 2008, 2013 மூன்று பொதுத் தேர்தலும் அதே கோட்டில்தான் நடந்தன.

இதனால் என் மனத்தில் இரண்டு விஷயம் மாறியது.

ஒன்று, காப்பாரின் வீக்கம் முழுவதும் யாரோ திட்டம் போட்டுச் செய்தது இல்லை. அந்தப் பத்து ஆண்டுகளில் மேரு பக்கமும் காப்பார் சாலை ஓரமும் எத்தனை தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு) முளைத்தது என்று எனக்குக் கண்ணால் தெரியும். நாங்களே அப்படி வந்தவர்கள்தான். தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்யச் சொன்னபோது அப்பா சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய இணைவீடு இது. ஆள் சேரச் சேரத் தொகுதி வீங்குகிறது, கோடு அப்படியே நிற்கிறது.

இரண்டு, 2003 வரைபடமும் பால் மாதிரி வெள்ளை இல்லை. அந்தத் தடவை நாடாளுமன்ற இடங்கள் 193இலிருந்து 219 ஆயின. ஜொகூருக்கு ஆறு கூடியது, சிலாங்கூருக்கு ஐந்து, சபாவுக்கு ஐந்து. கிளந்தான், திரங்கானு, கெடா, பெர்லிஸ் நான்குக்கும் சேர்த்து ஒன்றுகூட இல்லை. 1990இலிருந்தே கிளந்தானும், 1999இல் திரங்கானுவும் எதிரணியில் இருந்த பாஸ் கட்சியின் கைக்குப் போயிருந்தன என்பதைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 2004இல் முன்னணி 64 விழுக்காடு வாக்குக்கு 219இல் 198 இடம் எடுத்தது.

பிறகு 2005இல் சரவாக்குக்கு மூன்று இடம் கூடி 222 ஆனது.

15 பிப்ரவரி, இரவு

திரும்பத் திரும்பக் கேட்பதால்: ஜெர்ரி என்பது ஆள் பெயர். எல்பிரிட்ஜ் கெர்ரி, மசாசூசெட்ஸ் ஆளுநர். 1812இல் அவர் கையெழுத்திட்ட மேலவைத் தொகுதி ஒன்று பல்லி மாதிரி நெளிந்து கிடந்தது. ஒரு பாஸ்டன் பத்திரிகை அதற்குச் சிறகும் நகமும் வரைந்து, சாலமாண்டர் என்ற பிராணியின் பெயரோடு அவர் பெயரை ஒட்டிவிட்டது. அந்தத் தேர்தலிலேயே எதிரணிக்கு வாக்கு அதிகம். இடம் 29க்கு 11 என்று கெர்ரியின் கட்சிக்குப் போனது.

17 பிப்ரவரி

அமெரிக்காவை நம்மோடு அப்படியே ஒப்பிட வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே குழியின் அளவைத் தொட முடியாது. 1964இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் தொகுதிகளில் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும் என்று தீர்த்துவிட்டது. அதனால் அங்கே வித்தை முழுவதும் கோட்டில். விஸ்கான்சினில் 2018 மாநில அவைத் தேர்தலைப் பாருங்கள்: ஜனநாயகக் கட்சிக்குச் சுமார் 53 விழுக்காடு வாக்கு, 99இல் 36 இடம். எல்லாத் தொகுதியும் ஏறக்குறைய ஒரே அளவு!

அதிலும் முழுப் பழியைக் கோட்டின் தலையில் போட முடியாது. மில்வாக்கி, மேடிசன் என்று அந்தக் கட்சியின் ஆட்கள் இரண்டு நகரத்தில் தாங்களாகவே நெருங்கி வாழ்கிறார்கள். யாரும் குவிக்காமலே குவிந்திருக்கிறார்கள். நமக்கு அது கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கு. 2013இல் கோலாலம்பூரின் சிபூத்தே தொகுதியில் ஜெயித்தவரின் பெரும்பான்மை மட்டும் 51,552. அந்தப் பெரும்பான்மையை வைத்து ஐந்து புத்ராஜெயா ஜெயிக்கலாம். அதில் எத்தனை, கோடு வரைந்தவர் குவித்தது, எத்தனை, சீனக் குடும்பங்கள் தாங்களாகவே குடியேறியது? பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது என்று நினைக்கிறேன். அதனால்தான் குழியின் அளவை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதை எண்ணலாம். எண்ணக்கூடிய அநியாயத்துக்கு யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

19 பிப்ரவரி

மகளின் கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. சட்டத்தில்.

1957இல் சுதந்திரம் வாங்கியபோது நம் அரசமைப்புச் சட்டம் தெளிவாக இருந்தது. எந்தத் தொகுதியும் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது. கிராமம், தூரம், போக்குவரத்து எல்லாவற்றையும் அந்த 15க்குள் அடக்கிக்கொள்ள வேண்டும். கோடு போடும் வேலையும் தேர்தல் ஆணையத்தின் கையில்தான்.

ஆணையம் அந்த விதிப்படி 1960இல் புது வரைபடம் போட்டது. 104 தொகுதி 100 ஆக வேண்டும் என்றது. 1962இல் சட்டத் திருத்தம் வந்தது. அந்த வரைபடம் செல்லாது, பழைய 104 தொடரும். 15 விழுக்காடு போச்சு. கிராமத் தொகுதி நகரத் தொகுதியில் பாதி இருந்தால் போதும் என்றானது. ஆணையம் பரிந்துரை செய்யலாம், முடிவு நாடாளுமன்றத்துக்கு. அதாவது எந்தக் கோட்டில் ஜெயித்தார்களோ அந்தக் கோட்டை ஜெயித்தவர்களே பார்த்து ஒப்புக்கொள்ளலாம்.

1973இல் அந்தப் "பாதி" வரம்பையும் எடுத்துவிட்டார்கள். இப்போது அரசமைப்புச் சட்டத்தின் பதின்மூன்றாம் அட்டவணையில் இருப்பது, ஒரு மாநிலத்துக்குள் தொகுதிகள் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், ஆனால் கிராமப்புறச் சிரமத்தைக் கருதி ஓரளவு சலுகை காட்டலாம் என்பது. ஓரளவு என்றால் எவ்வளவு? அங்கே எண் கிடையாது.

படித்தபோது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. நான் பிறப்பதற்கு முன்னாலேயே என் வாக்கில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டார்கள். யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. குடியியல் பாடத்தில் "ஒருவருக்கு ஒரு வாக்கு" என்று மனப்பாடம் செய்தோம்.

19 பிப்ரவரி, பின்குறிப்பு

கூட்டரசுப் பிரதேசத்தையும் (மத்திய அரசு நேரடியாக ஆளும் பகுதி) இதோடு சேர்க்கச் சொன்னார் ஒருவர். நியாயம்தான். 1974 பிப்ரவரி 1ஆம் தேதி கோலாலம்பூரைச் சிலாங்கூரிலிருந்து வெட்டி எடுத்தார்கள். நகரத்து வாக்காளர் அத்தனை பேரும் சிலாங்கூர் சட்டமன்றக் கணக்கிலிருந்து போனார்கள். கோலாலம்பூர்க்காரருக்கு இன்றுவரை சட்டமன்ற வாக்கே கிடையாது. சில நேரம் கோட்டை வளைக்கக்கூட வேண்டாம், ஓர் ஊரையே வெளியே எடுத்து வைத்துவிடலாம்.

25 பிப்ரவரி

சரவாக்கில் வேலை செய்யும் அன்பர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "உலு ராஜாங் வந்து பாருங்கள், ஒரு நீள வீட்டிலிருந்து இன்னொன்றுக்குப் படகில் எத்தனை மணி நேரம் என்று. சின்னத் தொகுதி எல்லாம் மோசடி என்று அங்கே உட்கார்ந்து எழுதாதீர்கள்."

இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொல்வது சரி. நான் எழுதிய வேகத்தில் சிறிய தொகுதி எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டுவிட்டேன். சபா, சரவாக்கின் இடங்களுக்கு 1963இல் மலேசியா அமைந்தபோது பேசிய பேச்சு ஒன்று பின்னால் இருக்கிறது. தங்கள் குரல் தீபகற்பத்தில் அமுங்கிவிடக் கூடாது என்று கேட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அதை மதிக்க வேண்டும். 2013இல் அந்த இரண்டு மாநிலத்தின் 56 இடங்களில் முன்னணி 47 எடுத்தது என்பதற்காக அந்த ஒப்பந்தமே மோசடி ஆகிவிடாது.

ஆனால் ஒரே மாநிலத்துக்குள் நடப்பதற்கு இந்தச் சமாதானம் ஒட்டாது. சிலாங்கூரிலேயே 2018 வரைபடத்தின் கணக்கில் டாமன்சாராவில் ஒன்றரை லட்சம் வாக்காளர். சபாக் பெர்ணத்தில் 37 ஆயிரத்துச் சொச்சம். சபாக் பெர்ணத்துக்குப் படகு வேண்டாம். நேரான சாலை, இரண்டு பக்கமும் தென்னையும் வயலும். என் பழைய கஞ்சில் காரில் மதியச் சாப்பாட்டுக்குப் போய் மாலையில் திரும்பியிருக்கிறேன். ஒன்றுக்கு நாலு என்ற வித்தியாசத்தை எந்தக் கிராமச் சிரமம் நியாயப்படுத்தும்? புத்ராஜெயாவோ அரசாங்க அலுவலகங்களே நிறைந்த ஊர், கிராமமே இல்லை.

4 மார்ச்

கோட்டு வித்தையைத் தம்பி என்று சொன்னேன். தம்பியையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

2016 செப்டம்பர் 15ஆம் தேதி தொகுதிக் கோடுகளின் புது மறுசீரமைப்புத் திட்டம் பார்வைக்கு வந்தது. ஒரு மாதம் அவகாசம். பாதிக்கப்படும் தொகுதியில் 100 வாக்காளர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ஆட்சேபம் கொடுக்கலாம். நானும் நண்பர்கள் இரண்டு பேரும் ஒரு மண்டபத்துக்குப் போனோம். சுவரில் பெரிய வண்ணப் படம் தொங்கியது. ஆறு தெரிந்தது, நெடுஞ்சாலை தெரிந்தது. எங்கள் தாமானைக் காணோம். தெருப் பெயர் எதுவும் இல்லை. ஆற்று வளைவிலிருந்து விரலால் அளந்து அளந்து, பெட்ரோல் நிலையம் இங்கே இருக்க வேண்டும், அப்படியானால் கோயில் இங்கே என்று கணக்குப் போட்டோம். புகைப்படம் எடுக்க வேண்டாம் என்றார்கள். நண்பர் ஒருவர் பேருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் வரைந்துகொண்டார்.

திண்டாக் மலேசியா போன்ற தன்னார்வ அமைப்புகள் அந்த நேரத்தில் படங்களைக் கணினியில் ஏற்றி, எந்தத் தெரு எங்கே போகிறது என்று மக்களுக்குக் காட்டின. அது இல்லையென்றால் பலருக்குத் தங்கள் தொகுதி மாறுவதே தெரிந்திருக்காது.

எங்களுக்கும் மாறியது. இரவுச் சந்தை போடும் சாலைதான் எல்லை. சாலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், கிள்ளானுக்குப் போனோம். அந்தப் பக்கம் அத்தை வீடு, காப்பாரிலேயே நின்றது. முப்பது ஆண்டாக ஒரே கோயிலில் தீமிதிக்குக் காப்புக் கட்டுகிறோம். பதின்மூன்றாம் அட்டவணையில் "உள்ளூர்ப் பிணைப்பைக் காக்க வேண்டும்" என்று ஒரு வரி வேறு இருக்கிறது. கிள்ளான் தொகுதியில் 2013இல் ஒரு லட்சத்துக்கும் குறைவானவர்கள். 2018இல் ஒன்றரை லட்சத்தை ஒட்டி வந்துவிட்டார்கள். ஏற்கெனவே எதிரணி அமோகமாக ஜெயிக்கும் தொகுதியில் இன்னும் எங்களைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பல்லாங்குழியின் முதல் இரண்டு குழி ஞாபகம் இருக்கிறதா?

எங்கள் 100 கையெழுத்து சேரவில்லை. 71இல் நின்றுவிட்டது. பலர் போட்டுக் கொடுத்தார்கள், ஆனால் வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் வேறு தொகுதியில் இருந்தது. பழைய தோட்டத்து முகவரியையே மாற்றாமல் வைத்திருந்தவர்கள். அந்த 29 பெயர் இன்னும் மனத்தை உறுத்துகிறது.

5 மார்ச்

இந்தத் திட்டத்தை எதிர்த்து யாரும் வழக்குப் போடவில்லையா என்று கேட்டவருக்கு: ஆமாம், சிலாங்கூர் மாநில அரசே வழக்குத் தொடுத்தது. வரைபடத்தில் போதிய விவரம் இல்லை என்பதும் அதில் ஒரு புகார். 2017 கடைசியில் தள்ளுபடி ஆனது. 2018 மார்ச் 28ஆம் தேதி திட்டம் நாடாளுமன்றத்தில் 129க்கு 80 என்று நிறைவேறியது. ஏப்ரல் 7இல் நாடாளுமன்றம் கலைந்தது. இடைப்பட்டது பத்து நாள்.

இடங்களின் எண்ணிக்கை 222இலேயே நின்றதற்கும் காரணம் உண்டு. எண்ணிக்கையைக் கூட்ட மூன்றில் இரண்டு பங்கு, 148 பேர் வேண்டும். அரசிடம் அது இல்லை. கோட்டை மாற்ற மட்டும் சாதாரணப் பெரும்பான்மை போதும். எதற்குக் குறைந்த கை போதுமோ அதைச் செய்தார்கள்.

12 மார்ச்

"அப்படி வரைந்தும் 2018இல் தோற்றார்களே, அப்புறம் என்ன ஜெர்ரிமாண்டரிங்?" என்ற கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். வந்துவிட்டது.

மே 9. தேசிய முன்னணிக்கு 34 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, 79 இடம். எதிரணியின் புதிய கூட்டணியான பக்காத்தான் ஹராப்பானுக்கு 113, சபாவின் வாரிசான் கட்சிக்கு 8. சிதறடிக்கும் வித்தையில் ஓர் ஆபத்து இருக்கிறது. நிறையக் குழியில் ஜெயிக்க வேண்டும் என்றால் தன் விதையையும் மெலிசாகப் பரப்ப வேண்டும். மூன்றுக்கு இரண்டு, மூன்றுக்கு இரண்டு என்று. காற்று கொஞ்சம் திரும்பி ஒவ்வொரு குழியிலும் ஒரு மஞ்சாடி கட்சி மாறினால் அத்தனை குழியும் ஒரே ராத்திரியில் கவிழும். 2018இல் அடித்தது கொஞ்சக் காற்று இல்லை.

ஆனால் வித்தை வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். டாமன்சாராவில் அன்று பெரும்பான்மை 106,903. வாக்கு இல்லை, வித்தியாசம் மட்டும்! இன்னொன்று: பாஸ் கட்சிக்கு 17 விழுக்காடு வாக்கு, 18 இடம். முன்னணிக்கு அதைப்போல இரண்டு மடங்கு வாக்கு, நாலு மடங்குக்கும் மேல் இடம். நான் பாஸ் கட்சிக்கு வாக்களிப்பவன் இல்லை. அவர்களுக்கு நடந்ததும் அநியாயம்தான்.

ஹராப்பானும் பாதியைத் தாண்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஆள் ஜெயித்தால் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். நானும் அந்த இரவு நிறுத்திவிட்டேன்.

13 மார்ச்

வாக்கு விழுக்காட்டுக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறை பற்றிக் கேட்டவர்களுக்கு: இப்போதைக்கு அது பெரிய பேச்சு. 15 விழுக்காட்டைத் திரும்பக் கேட்போம் முதலில்.

19 மார்ச்

இந்தியர்களுக்கு இதில் என்ன என்று தனியாகக் கேட்டிருக்கிறார் ஓர் அக்கா. இந்தக் கேள்விக்கு முன்னதாகவே வந்திருக்க வேண்டும்.

222 தொகுதியில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. தோட்டத்தில் இருந்தவரை ஓரளவு சேர்ந்து இருந்தோம். தோட்டங்கள் வீடமைப்புக்கும் விமான நிலையத்துக்கும் போனபின் கிள்ளான், காப்பார், கோத்தா ராஜா என்று நகரத்து ஓரங்களில் வந்து விழுந்தோம். கிராமத் தொகுதியின் கனமான வாக்கை விட்டுவிட்டு நகரத் தொகுதியின் லேசான வாக்குக்கு மாறினோம். யாரும் நம்மைக் குறிவைத்து இதைச் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். அப்பா லயத்து வீட்டிலிருந்து தாமானுக்கு வந்தபோது தண்ணீர்க் குழாய், மின்சாரம், பள்ளிக்கூடம் எல்லாம் பக்கத்தில் வந்தன என்று சந்தோஷப்பட்டார். வாக்கின் எடை குறைந்தது அவருக்குத் தெரியாது. சொல்லியிருந்தாலும் வந்திருப்பார், வேறு எங்கே போவது?

நமக்கென்று தனித் தொகுதி வெட்டித்தர வேண்டும் என்று கேட்கிற சிலரோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அதுவும் கோட்டை வளைப்பதுதான். சம எடை போதும்.

20 மார்ச்

தமிழ்நாட்டு அன்பர் கேட்ட தொகுதி மறுவரையறை வேறு சங்கதி. அங்கே பேச்சு மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது பற்றி. 1976இல் நிறுத்திவைத்த கணக்கை, 2026க்குப் பின் வரும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை என்று பிறகு நீட்டினார்கள். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் இடத்தை இழக்கலாமா என்பது அவர்களுடைய வலி. சரவாக் அன்பர் சொன்னதற்கு அது அக்கம்பக்கம் வரும். காப்பார் கதைக்கு வராது.

26 மார்ச்

2022 நவம்பர் கணக்கையும் போட்டுவிடுகிறேன். 18 வயதினரும் தானியங்கிப் பதிவும் வந்தபின் நடந்த முதல் பொதுத் தேர்தல். சிலாங்கூரின் பாங்கி தொகுதியில் 303,430 வாக்காளர். சரவாக்கின் ஈகானில் 28,290. பத்து மடங்கு தாண்டிவிட்டது. காப்பாரின் பழைய சாதனை எல்லாம் பழங்கதை.

பாங்கி அன்பர்கள் அன்றைக்கு வரிசையில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

27 மார்ச்

ஒருவர் நேர்மையாகக் கேட்டார்: தானியங்கிப் பதிவால் இது மோசமானதா? எண் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். அந்த ஆட்கள் முன்னாலும் பாங்கியில்தான் குடியிருந்தார்கள்.

2 ஏப்ரல்

தீபகற்பத்தில் கடைசி மறுசீரமைப்பு 2018 மார்ச்சில் முடிந்தது. குறைந்தது எட்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்பது சட்டம். ஆக 2026க்கு முன்னால் அடுத்தது தொடங்க வழியில்லை. மூன்று ஆண்டு இருக்கிறது என்று நினைக்காதீர்கள். எங்களுக்குப் போன தடவை ஒரு மாதம் கையில் இருந்தும் 71இல் நின்றது.

அதனால் இப்போதே ஆரம்பித்துவிட்டேன். கிள்ளான் தொகுதி வாக்காளர் மட்டும். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பெயர், எந்தத் தொகுதியில் பதிவு, எந்தப் பள்ளியில் வாக்கு என்று மூன்று பத்தி. தோட்டத்து முகவரியை இன்னும் மாற்றாதவர்களுக்கு மாற்றக் கூட்டிப்போகிறேன். அத்தை வந்து கையெழுத்துப் போடப் பார்த்தார். "நீங்கள் காப்பார், அத்தை" என்று சொல்ல வேண்டியதாயிற்று. சாலைக்கு அந்தப் பக்கத்துக்குத் தனி நோட்டுப் போட்டுக் கொடுத்தேன். அதில் முதல் பெயர் அவருடையது.

என் நோட்டில் இன்றுவரை 38.